வாப்பா பாட்டை நிறுத்தும் இடம்

வாப்பா மௌத்தாகி மறைந்த வருஷம் எனக்குத் தொழுகை உப்பில்லாமல் போயிற்று. நாக்கு ஓதும், நெஞ்சு வேறெங்கோ நிற்கும். நான் மேலப்பாளையத்துக்காரன், கணக்கு வாத்தியார். நிரூபித்துக் காட்டாமல் ஒரு சூத்திரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்ததில்லை. அல்லாஹ்வை எப்படி அறிந்தாய் என்று என்னையே கேட்டபோது மட்டும் பதில் வரவில்லை. வெளியே சொல்லப் பயம். ஒருநாள் ராத்தொழுகையான இஷா முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, இமாம் கஸ்ஸாலியும் இதுல கெடந்து தவிச்சவங்கதான். மொதல்ல அவங்களப் படிங்க" என்றார்.

தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த இஸ்லாமியப் பேரறிஞரைப் படித்தேன். நிழலைப் பற்றி அவர் சொல்லும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நிழல் அசையவில்லை என்று கண் சொல்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. மறுநாளே பாளையங்கால்வாய்க் கரையில் ஒரு குச்சியை நட்டு, நிழல் நுனியில் கல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண்ணைப் புத்தி பொய்யாக்குகிறது, சரி. அந்தப் புத்தியையே பொய்யாக்க அதற்கு மேல் ஒன்று இருந்தால்? இந்தக் கேள்வியில் அவர் ஏறக்குறைய இரண்டு மாதம் கிடந்திருக்கிறார். மீண்டது வாதத்தால் அல்ல, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஒரு ஒளியால் என்கிறார்.

அதனால் அவரை அறிவுக்குப் பகைவர் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஃபாராபி, இப்னு சீனா தத்துவங்களைத் தானே உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் மறுத்தார். கிரகணக் கணக்கைத் தீன் என்னும் மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் தீனுக்குத்தான் கேடு செய்கிறான் என்று எழுதினார். ஒரு கணக்கு வாத்தியாருக்கு இதைவிட ஆறுதலான சொல் வேறென்ன வேண்டும்?

ஆனால் என்னை உலுக்கியது 1095-ஆம் வருஷம் அவருக்கு நேர்ந்தது. பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் முந்நூறு மாணவருக்குப் பாடம் சொன்னவர் அவர். ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொடங்கி ஆறு மாதம், போவதா இருப்பதா என்ற இழுபறி. ஒருநாள் பாடம் நடத்த நாக்கே எழவில்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை. இது நெஞ்சில் தொடங்கிய நோய் என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். பதவியை விட்டு டமாஸ்கஸ் போனார். ஆரோக்கியத்துக்கு இலக்கணம் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. சூஃபிகளிடம் உள்ளதை ருசித்துத்தான் அறிய முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ருசி என்றதும் வாப்பா நினைவுதான் வந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவர். குழித்தறியில் காலை இறக்கினால் சூஃபி ஞானி பீர்முகமது அப்பா பாட்டு தானாக வரும். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் அப்பாவும் தறி நெய்தவர் என்பதில் வாப்பாவுக்குத் தனிப் பெருமை. உம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள். ஒரு பாட்டில் மட்டும் வாப்பா எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுவார். தார் நூல் தீர்ந்திருக்கும், இல்லை இழை அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். "பொறவு என்ன வாப்பா?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "அது தக்கலையில போயி கேக்கணும்ல" என்றார். கூட்டிப்போகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வயதில் அது வெறும் பாட்டு.

போன ரஜபில் நாகர்கோவில் பஸ் பிடித்து, அங்கிருந்து தக்கலை போனேன். பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி பாடும் ராத்திரி. விடிய விடியப் பாடுகிறார்கள். முதலில் புத்தகத்தை விரித்துவைத்து, ஷரீஅத், தரீக்கத், ஹகீக்கத், மஃரிபத் என்று ஞானப் பாதையின் நான்கு படிகளையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்கு மேல் நானும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அப்போது வாப்பாவின் பாட்டு வந்தது. அவர் நிறுத்தும் இடமும் வந்தது. என் தொண்டை பழக்கத்தில் நின்றுவிட்டது. கூட்டம் நிற்கவில்லை. அடுத்த அடியை அன்றைக்குத்தான் கேட்டேன்.