பசங்க பசங்ககிட்டதான் சொல்றாங்க

போதை தடுப்பு வேலைல ஃபீல்டுல இருந்தவங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, பதினாறு வயசுப் பையன் மனசுல இருக்கறத முதல்ல கொட்டறது கூட சுத்தற இன்னொரு பையன்கிட்டதான், நம்மகிட்ட வந்து சேர்றதுக்குள்ள விஷயம் முத்திப் போயிருக்கும். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018ல ஆரம்பிச்ச போதைப்பொருள் தேவை குறைப்பு தேசிய செயல் திட்டத்துக்குள்ள சிபிஎல்ஐனு ஒண்ணு இருக்கு, என்ஜிஓக்களுக்கு பணம் குடுத்து ஏரியாப் பசங்களையே பியர் எஜுகேட்டரா, அதாவது கூட இருக்கற பசங்களுக்கு எடுத்துச் சொல்றவங்களா ட்ரெய்ன் பண்ணி, ரிஸ்க்ல இருக்கற பசங்களோட பழக வைக்கறதுதான் அது. நல்ல யோசனைங்க, சும்மா சொல்லல.

நான் கோஆர்டினேட்டரா இருந்ததும் இந்த மாதிரி ஒரு பியர் ப்ரோக்ராம்லதான். கூல் லிப்ங்கற புகையிலை, வலி மாத்திரை, கஞ்சா, இதுதான் எங்க ஏரியாப் பிரச்சினை. ஒரு நாள் சாயங்காலம் பியர் டீம்ல இருந்த ப்ளஸ் டூ பொண்ணு, தான் பழகிட்டு இருந்த ஒரு பையனப் பத்தி போன் பண்ணுச்சு. "அக்கா, அவன் ரெண்டு நாளா கிரவுண்டுக்கு வரல, உயிரா வெச்சிருந்த கிரிக்கெட் பேட்ட என் தம்பிக்கு சும்மாவே குடுத்துட்டான், எனக்கு சரியா படல." ஆசையா வெச்சிருக்கற பொருள திடீர்னு தூக்கிக் குடுக்கறது தற்கொலை எண்ணத்தோட அறிகுறியா இருக்கலாம்னு ட்ரெய்னிங்ல சொல்லியிருந்தோம், அத ஞாபகம் வெச்சு அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "நேரடியா கேட்டா அவனுக்கு அந்த நெனப்ப நாமளே குடுத்த மாதிரி ஆயிடாதாக்கா?" ஆகாது, கேக்கறதால அந்த எண்ணம் வராது, கேளு, நான் கெளம்பி வர்றேன்னு சொன்னேன். கேட்டுச்சு. மாத்திரையப் பத்தியும் செத்துடலாம்னு தோணறதப் பத்தியும் அவன் ஒரே மூச்சுல சொல்லிட்டான். நான் போனதும் அவன பக்கத்துல வெச்சுக்கிட்டே 14416ங்கற மனநல உதவி எண்ணுக்கு அடிச்சோம், மறுநாள் அவங்க அம்மாவோட ஜிஎச் மனநலப் பிரிவு.

மாசக் கடைசில ரிப்போர்ட் எழுத உக்காந்தா, எத்தன விழிப்புணர்வு கூட்டம், எத்தன பேர் வந்தாங்க, போட்டோ எங்க, ஃபார்ம்ல இருக்கற கட்டம் இவ்ளோதான். ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் ஊர்வலத்துக்கு எடம் இருக்கு, அந்த சாயங்காலத்துக்கு எடம் இல்ல. அப்படியே எழுதினாலும் போதைக் கணக்குல எழுதறதா தற்கொலைக் கணக்குல எழுதறதா? போதை தடுப்புக்குப் பணம் சமூக நீதி அமைச்சகத்துல இருந்து வருது, 2022 அக்டோபர்ல வந்த டெலி மானஸ், அதாவது அந்த 14416, சுகாதார அமைச்சகத்தோடது. 2022ல நாட்டுல தற்கொலையில போனவங்க 1,70,924 பேர்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (என்சிஆர்பி) சொல்லுது, அதுல 13,044 பேர் மாணவர்கள், மொத்தத்துல 6.8 சதவீதத்துக்கு போதை, குடிப்பழக்கம்தான் காரணம்னு போட்டிருக்காங்க. அதே வருஷம் நவம்பர்ல வந்த தேசிய தற்கொலை தடுப்பு உத்தியும் 2030க்குள்ள இறப்ப 10 சதவீதம் கொறைக்கணும்னு சொல்லுது. கொறைக்கலாம், ஆனா ரெண்டு துறைக்கும் நடுவுல நிக்கற அந்தப் பையன்கிட்ட இன்னைக்குப் பேசறது யாரு, பேசறவங்களுக்கு என்ன செய்யறோம்?

பேசறவங்கன்னு சொல்றது ஏன்னா, அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ராத்திரில போன சைலன்ட்ல போடவே பயந்துச்சு, அவன் மெசேஜ் போட்டு நான் பாக்காம விட்டுட்டா என்னாகும்னு, அதுவும் பப்ளிக் எக்ஸாம் நேரத்துல. ஒரு புள்ளையக் காப்பாத்த இன்னொரு புள்ள தூக்கம் கெட்டு நிக்கக் கூடாதுங்க. அதனால வாரா வாரம் டீயும் பன்னும் வாங்கி வெச்சுக்கிட்டு பியர் பசங்கள ஒரு கவுன்சிலரோட உக்கார வெச்சோம், யாரு என்ன கேட்டாங்க, எத ரகசியமா வெச்சுக்கலாம், உயிர் விஷயம்னா எத உடனே பெரியவங்ககிட்ட சொல்லியே ஆகணும், எல்லாம் பேசுவோம், சில நாள் பசங்க பேசாம அழுதுட்டு மட்டும் போவாங்க. எங்க ப்ரோக்ராம்ல பேனருக்கு பில் போடலாம், இந்த கவுன்சிலருக்கு சம்பளம் போட ஒரு ஹெட், அதாவது பட்ஜெட்ல ஒரு தலைப்பு கிடையாது, ட்ரெய்னிங்குக்கும் ஒரே ஒரு தடவைதான் காசு. பதினெட்டு தாண்டினா பியர் பசங்க காலேஜ், வேலைனு போயிடுவாங்க, புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல இருந்து சொல்லித் தரணும், அதுக்கு வருஷா வருஷம் காசு வேணும். நடுவுல ஒரு தவணை நின்னாலும் டீம் கலைஞ்சிடும், திரும்பப் போய் நின்னா "இந்த தடவையாவது இருப்பீங்களாக்கா"னு பசங்க கேக்கறாங்க.

சமூக நீதியும் சுகாதாரமும் சேந்து பியர் வேலைக்குன்னு ஒரே ஹெட்ல மூணு வருஷத்துக்காவது நடுவுல நிக்காம வர்ற மாதிரி பணம் ஒதுக்கணும், அதுல மொத வரி அந்த கவுன்சிலரோட சம்பளமா இருக்கணும், ரிப்போர்ட்ல கூட்டத்துக்கு எத்தன பேர் வந்தாங்கங்கறதோட, எத்தன பசங்கள ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டுப் போனோம், அப்புறம் எத்தன தடவ போய்ப் பாத்தோம்னும் கேக்கணும்.