வெள்ளெழுத்து வந்த பிறகு நிப்பு சரிசெய்வது

ஒருவழியாக, நான் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் பழைய கறுப்பு எபொனைட் (கெட்டி ரப்பர்) மைப்பேனா கீறாமல் எழுதுகிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், சுழி, எட்டு என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. மைப்பை இன்னும் மாற்றவில்லை, நிப்பை மையில் முக்கித்தான் எழுதுகிறேன். ஆனால் இந்தப் பேனாவில் என்னை மல்லுக்கு இழுத்தது நிப்புதான். அது முடிந்த சந்தோஷத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் பீற்றிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது, ஊறவைப்பது, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்குக் கட்டையின் காடிகளில் உறைந்த மையைச் சுரண்டுவது பற்றி எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வேலையைப் பற்றி: நிப்பின் நடுப் பிளவுக்கு இரு பக்கமும் இருக்கும் கால்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. முப்பது வயதில் இதைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்துவிடுவேன். அறுபதை நெருங்கும்போது அது ஒரு தனி வித்தையாகிவிட்டது.

ஒரு தலைமுடியின் தடிமன் சுமாராக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்த ஏற்றத்தாழ்வு இருந்தாலே போதும், நிப்பு தாளைக் கீறும். இளவயதில் இது கண்ணுக்குத் தெரிந்ததற்குக் காரணம் பார்வைக் கூர்மை மட்டும் இல்லை. இருபது வயதில் ஒரு பொருளை 10 சென்டிமீட்டர் வரை கிட்டே கொண்டுவந்தாலும் தெளிவாகத் தெரியும். 40 சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பதைவிட அங்கே அது நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். அதாவது நாலு மடங்கு உருப்பெருக்கி ஒன்று முகத்திலேயே இலவசமாக இருந்தது. கண்ணின் லென்ஸ் வருஷா வருஷம் இறுகிக்கொண்டே வந்து, நாற்பதுகளில் அந்த உருப்பெருக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது, சரி. ஆனால் அந்தக் கண்ணாடி தெளிவாகக் காட்டுவது 40 சென்டிமீட்டர் தூரத்தில். நிப்பு வேலைக்கு அது எட்டாத தூரம்.

இதைச் சொன்னால் எல்லோரும் கொடுக்கும் ஆலோசனை ஒன்றுதான்: பத்து மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறிய உருப்பெருக்கி) வாங்கு. என்னிடம் இருக்கிறது. பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் பத்து மடங்கு லூப்பில் பொருள் சுமார் 2.5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அந்த இடுக்கில் விரலை எங்கே நுழைப்பது? போதாக்குறைக்குக் குவியத்தின் ஆழம் மிகக் குறைவு. நிப்பின் நுனி தெளிவானால் தோள் மங்கும், மூச்சு விட்டால் இரண்டும் மங்கும். அதனால் என் தீர்ப்பு: லூப் சோதிப்பதற்கு மட்டும். வேலை செய்ய வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் முதலாவது, வேலைக்கென்றே தனிக் கண்ணாடி. தூரம், கிட்ட இரண்டும் சேர்ந்த ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி அடியில் இருக்கிறது. மேஜையில் நிப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டுமானால் மோவாயை உயர்த்திக் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கண் பரிசோதனைக்குப் போகும் முன் வீட்டில் வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணிலிருந்து நிப்பு வரைக்கும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். எனக்கு அது 28 சென்டிமீட்டர் சுமார் வந்தது. தூரப் பார்வைக்குப் பவர் இல்லாதவர்களுக்கு அந்தத் தூரத்துக்கு +3.50 பொருந்தும், ஏனென்றால் 1 மீட்டரை 3.5 ஆல் வகுத்தால் 28.6 சென்டிமீட்டர். பரிசோதிப்பவரிடம் "படிக்க" என்று சொன்னால் படிக்கும் தூரத்துக்குத்தான் எழுதிக் கொடுப்பார். "இத்தனை சென்டிமீட்டரில் கைவேலை" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரே பவர் கண்ணாடியின் மேல் தலைப்பட்டை உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டால் கழுத்தும் பிழைக்கும், கைக்கும் இடம் கிடைக்கும்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். வெளிச்சம்! பெரிதாக்குவதைவிட இதுதான் முக்கியம் என்று இப்போது அடித்துச் சொல்வேன். வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸும் மஞ்சளடிக்கிறது. இரண்டும் சேர்ந்து, அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆக அதே அறை, அதே விளக்கு, ஆனால் நான் பாதி இருட்டில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மருந்துச் சீட்டின் பொடி எழுத்து வீட்டுக்குள் தெரியாமல் வாசல் வெயிலில் தெரிவதும் இதனால்தான். வெளிச்சம் கூடினால் பாவை இன்னும் சிறிதாகும், சிறிய துளை வழியாகப் பார்க்கும்போது குவியம் தப்பினாலும் உருவம் அவ்வளவாகக் கலங்காது.

அதற்காக விளக்கைக் கண்டபடி கூட்டவும் முடியாது. வயதான லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறும், மெருகேறிய நிப்பு பளீரென்று அடித்துக் கண்ணைக் கூசவைக்கும். நான் செய்தது: விளக்கைத் தலைக்கு மேலிருந்து எடுத்து இடது பக்கம் மேஜை மட்டத்துக்கு இறக்கினேன். பல்பு கண்ணில் படாதபடி ஒரு மறைப்பு. விளக்குக்கும் நிப்புக்கும் நடுவே ஒரு வெள்ளை டிரேசிங் தாள். இப்படி வைத்தால் நிப்பின் முதுகில் மென்மையான ஒரு வெள்ளைப் பட்டை விழும். நிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அந்தப் பட்டை பிளவைக் குறுக்கே கடக்கும்படி பிடிக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் பட்டை ஒரே கோடாகப் போகும். ஒன்று தாழ்ந்திருந்தால் பிளவு வந்த இடத்தில் பட்டை வெட்டுப்பட்டு ஒரு படி இறங்கும். நுனியின் அந்த நுணுக்கமான உயர வித்தியாசத்தை நேராகப் பார்க்கக் கண்ணால் முடியாது, ஆனால் கோடு உடைவதை இந்தக் கண்ணும் சுலபமாகக் கண்டுபிடிக்கிறது. இந்த வெளிச்சம் அமைந்த பிறகு தலைப்பட்டையில் குறைந்த பவர் லென்ஸே போதுமானதாக இருக்கிறது.

கண்ணையே நம்ப வேண்டாம் என்பவர்களுக்குத் தாள் இருக்கிறது. அழுத்தமே கொடுக்காமல் வழவழப்பான தாளில் இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. இடப்பக்கம் இழுக்கும்போது கீறினால் வலது கால் தாழ்ந்திருக்கிறது. வலப்பக்கம் போகும்போது கீறினால் இடது கால். தாழ்ந்த காலின் உள்விளிம்பு முன்னால் போகும்போதுதான் தாளில் மாட்டுகிறது, அவ்வளவுதான் கணக்கு. (எழுதுகிறவர் மேலிருந்து பார்க்கும் இடது வலது. நிப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தலைகீழாகிவிடும்.) என் பேனாவில் வலது கால். தாள் சொன்னதும் வெள்ளைப் பட்டை காட்டியதும் ஒத்துப்போனபோது வந்த திருப்தியை வேறு எந்த வேலையும் இப்போதெல்லாம் தருவதில்லை.

தாழ்ந்த காலை நிமிர்த்துவது கட்டைவிரல் நகத்தால். அதிலும் ஒரு கூத்து. வயதானால் நகத்தில் நீளவாக்கில் வரி விழுகிறது, சீக்கிரம் பிளக்கிறது. காலுக்கு அடியில் நகத்தைக் கொடுத்து மெல்லத் தூக்கினால் நகம்தான் நிமிர்கிறது, நிப்பு அசையாமல் இருக்கிறது! காலாவதியான ஒரு பிளாஸ்டிக் அட்டையின் மூலையைச் சாய்வாகச் சீவி, ஓரத்தை மழுங்கத் தேய்த்து வைத்திருக்கிறேன். நகத்தைவிட நன்றாக நிற்கிறது, உலோகத்தையும் கீறாது. விரல் நுனித் தோலும் காய்ந்து வழுக்குகிறது. பிளாஸ்டிக் பையின் வாயைப் பிரிக்க முடியாமல் நிற்கிறேனே, அதே விரல்கள்தான் பேனாவின் கழுத்தையும் பிடிக்க வேண்டும். ஒரு துண்டு பழைய சைக்கிள் டியூப் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.

கை நடுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வயதுக்காரர்கள் அதை வெளியே சொல்லவே கூச்சப்படுகிறார்கள். ஆரோக்கியமான எல்லாக் கைகளும் நொடிக்கு 8 முதல் 12 தடவை நுணுக்கமாக ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன, இருபது வயதுக் கையும் சேர்த்து. காபி குடித்தால் அது கூடும், களைத்தாலும் கூடும். (ஓய்வில் இருக்கும்போதே கை கண்ணுக்குத் தெரிய ஆடினால் அது வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள்.) ஆடும் கையை நிறுத்துவதைவிட இரண்டு கையையும் சேர்த்து ஆடவிடுவது சுலபம். இரு மணிக்கட்டும் மேஜை விளிம்பில், இரண்டு சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டபடி. நிப்பு இருக்கும் கையும் அட்டை இருக்கும் கையும் ஒன்றாக அசைந்தால் அவற்றுக்கிடையே அசைவு இல்லை. மூச்சை விட்ட பிறகு தூக்க வேண்டும், காபி வேலைக்கு அப்புறம்.

இனி மைப்பை. பழைய லேட்டெக்ஸ் பை உள்ளே கல்லாகி நொறுங்கியிருந்தது, எதிர்பார்த்ததுதான். பையின் எண் ஒரு அங்குலத்தின் 64 பங்கில் இத்தனை என்ற கணக்கு, 16 ஆம் எண் என்றால் கால் அங்குலம். விற்பனையாளர் 16 என்று எழுதிய உறையில் 18 ஐப் போட்டு அனுப்பியிருக்கிறார். உறையில் எண்ணை எறும்பு சைஸில் அச்சடித்திருப்பதால் அவருக்கே படிக்க முடியவில்லையோ என்னவோ. புகார் அனுப்பியதற்கு "பெரிய பைதானே, மை கூடப் பிடிக்கும்" என்று பதில். பெரிய பை, பேனாவின் குழாய்க்குள் பையை அமுக்கி மை உறிஞ்சவைக்கும் லீவரின் அழுத்துப்பட்டையோடு சிக்கிக்கொள்ளும் என்று இவருக்கு யார் புரியவைப்பது? வேறு ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அளவை மில்லிமீட்டரில், கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினேன். பையை ஒட்டும் அரக்குக் கரைசலும் புதிதாகப் போட வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்து மாதக்கணக்கில் வைத்த அரக்கு சரியாகக் காயாமல் பிசுபிசுவென்றே இருந்துவிடுகிறது.

லீவரையும் அதன் மெல்லிய வளையத்தையும் கழற்றி ஒரு தட்டில் வைத்திருக்கிறேன். தட்டுக்கு அடியில் வெள்ளைத் துண்டு. சிறிய சாமான் ஒன்று தரையில் விழுந்தால் தேடுவதைவிட, தேடிவிட்டு எழுந்திருப்பதுதான் இப்போது பெரிய வேலை. எதை எந்த வரிசையில் கழற்றினேன் என்பதையும் மனசில் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கைப்பேசிப் படம். வால்டர் ஷேஃபர் இந்த லீவர் முறைக்கு 1908 இல் காப்புரிமை வாங்கினார். இத்தனை வருஷம் கழித்தும் அமெச்சூர் கைகளால் பழுது பார்க்க முடிகிறது என்பது அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம்.

இதை முடிக்கும் முன்பே அடுத்ததற்கு மனசு தாவிவிட்டது. 1941 இல் வந்த பார்க்கர் 51 பேனா ஒன்று, பழைய வேக்குமேட்டிக் வகை (மை நிரப்பும் முறையின் பெயர்), இழுப்பறையில் கிடக்கிறது. அதில் நிப்பு ஒரு கூட்டுக்குள் மூடியிருக்கும், நுனி மட்டும்தான் வெளியே தெரியும். முதுகே இல்லாத நிப்பில் வெள்ளைப் பட்டையை எங்கே விழவைப்பது? தாள் சோதனையை மட்டும் வைத்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். அந்தக் கூட்டைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், அதிகமானால் உருகிவிடும். அதனால் அதைத் தொடுவதற்கு முன் உடைந்த ஒரு கூட்டில் பழகிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். யாரிடமாவது உதவாத கூடு இருந்தால் சொல்லுங்கள். 18 ஆம் எண் பைகள் நிறைய இருக்கின்றன, மாற்றிக்கொள்ளலாம்.