மலாவிக்குத் தடுப்பூசிக் குளிர்பெட்டி: வரிவிலக்குக் கடிதம் கைக்கு வந்த பிறகே கப்பல்

பெட்டிகள் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் இறங்கிய நாளில், இறக்குமதி வரிவிலக்குக் கடிதம் மலாவித் தலைநகர் லிலோங்வேயில் கையெழுத்தாகாமல் கிடந்தது. திட்டத்தில் வீணான பணத்துக்கும் வாரங்களுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நினைத்தால் இன்னும் ஆறவில்லை. ரோட்டரி அமைப்பு தரும் 'குளோபல் கிராண்ட்' மானியம் மூலம் சோலார் குளிர்பெட்டிகளைக் கிராமச் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசேர்த்த வேலை இது. அடுத்து இதில் இறங்கும் ரோட்டரி சங்கங்கள் அதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மானியம் வாங்கும் கட்டம் சிக்கலில்லாமல் முடிந்தது. குறைந்தபட்சத் திட்ட மதிப்பு 30,000 டாலர், இரண்டு நாட்டுச் சங்கங்கள், சமூகத் தேவை மதிப்பீடு, விலைப்புள்ளிகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. இரண்டு விதிகளை மட்டும் மறக்காதீர்கள். போலியோ சொட்டு மருந்து மட்டுமே போடும் திட்டத்துக்கும், தடுப்பூசியைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுவதற்கும் இந்தப் பணம் கிடைக்காது. வாங்கும் கருவியும் சங்கத்தின் பெயரில் இருக்கக்கூடாது, பயன்பெறும் நிலையத்துக்கே சொந்தமாக வேண்டும்.

அந்தச் சொந்தம் யாருடையது என்ற கேள்விதான் சுங்கத்தில் எங்களை மடக்கியது. சரக்குச் சீட்டில் பெறுநராக உள்ளூர் சங்கத்தின் பெயர் இருந்தது. விலக்குக் கடிதமோ சுகாதார அமைச்சகத்தின் பெயரில் வந்தது. பெயர் பொருந்தவில்லை என்று எழுத்தர் கோப்பைத் திருப்பிவிட்டார். எதை எப்படித் திருத்த வேண்டும் என்று கேட்டதற்கு ஒரே தடவையில் பதில் சொல்லவில்லை. பெயரைச் சரிசெய்துகொண்டு போனால், கடிதத்தில் 'குளிர்சாதனப் பெட்டி' என்று மட்டும்தானே இருக்கிறது, சோலார் பேனலும் இரும்புத் தாங்கியும் எங்கே என்றார். பேனலுக்குச் சுங்க வகைப்பாட்டு எண் தனி. அதற்கு இன்னொரு கடிதம், இன்னொரு பயணம். அங்கே ஸ்கேன் பிரதி செல்லாது, அசல்தான் வேண்டும் என்றார்கள். மலாவிக்குக் கடற்கரை இல்லை. சரக்கு மொசாம்பிக் வழியாகவோ தான்சானியா வழியாகவோதான் வரும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கன்டெய்னர் வாடகை ஏறும். அதை மானியக் கணக்கில் எழுத முடியாமல் சங்கத்தின் கையிலிருந்து கட்டினோம்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் புரொஃபார்மா இன்வாய்ஸ், அதாவது பொருள் அனுப்பும் முன் சப்ளையர் தரும் விலைப்பட்டியல். பெட்டி, பேனல், தாங்கி, கேபிள், உதிரிப்பாகம், வெப்பப் பதிவுக் கருவி என ஒவ்வொன்றுக்கும் தனி வரி, ஒவ்வொரு வரிக்கும் வகைப்பாட்டு எண். அதை இணைத்து அமைச்சகத்தின் தடுப்பூசிப் பிரிவு வழியாக விலக்குக்கு விண்ணப்பியுங்கள். கடிதம் வந்ததும் அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து சரக்குச் சீட்டில் போடச் சொல்லுங்கள். அதன் பிறகே சப்ளையருக்குக் கப்பலேற்ற அனுமதி கொடுங்கள். சரக்கு முகவர் "பொருள் வருவதற்குள் கடிதம் வந்துவிடும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். நாங்கள் கேட்டோம்.

எந்த நிலையத்துக்குப் பெட்டி என்பதை அங்குள்ள நண்பர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்வதும் ஆபத்து. ஒரு நிலையத்துக்கு அளவெடுக்கப் போனபோதுதான், காவி (Gavi) தடுப்பூசிக் கூட்டணியின் குளிர்சங்கிலித் திட்டப் பட்டியலில் (தடுப்பூசியைக் கடைசிவரை குளிரில் வைத்திருக்கும் ஏற்பாடுதான் குளிர்சங்கிலி) அது ஏற்கெனவே இருப்பது தெரிந்தது. ஒரு நாள் பயணம் வீண். நாட்டின் குளிர்சங்கிலிக் கருவி இருப்புப் பட்டியலை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். அது எந்த ஆண்டுக்கானது என்றும் பாருங்கள். மலாவியில் 2019 ஏப்ரலில் மலேரியா தடுப்பூசி தொடங்கியது. அதற்கு முந்தைய கணக்கை வைத்துக் கொள்ளளவு தேர்ந்தெடுத்தால் இடம் போதாது. 2022 பிப்ரவரியில் லிலோங்வேயில் போலியோ கண்டறியப்பட்ட பிறகு நடந்தது போலப் பெரிய முகாம் வரும் நாட்களில் நெருக்கடி இன்னும் கூடும்.

மின்சாரம் நாளுக்குச் சராசரியாக 8 மணி நேரமாவது வந்து, ஒரு முறைகூட 48 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்காத இடம் என்றால் ஐ.எல்.ஆர். பெட்டி (மின்சாரம் நின்றாலும் சுவரில் உள்ள பனிக்கட்டியால் குளிர் காக்கும் பெட்டி) போதும், விலையும் குறைவு. இல்லையென்றால் பேட்டரி இல்லாத நேரடி சோலார் பெட்டி. எதுவானாலும் உலக சுகாதார நிறுவனம் தரம் பார்த்து ஏற்ற கருவிகளின் பி.கியூ.எஸ். பட்டியலில் 'இ003' என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ் நன்கொடையாக வந்தால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அதில் ஒரு மூலையில் உறைந்துபோகும், மறுமூலையில் சூடு ஏறும். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி ஒரு முறை உறைந்தால் போச்சு, பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே குழந்தைக்குப் போடப்பட்டுவிடும். உறைவுப் பாதுகாப்பில் 'ஏ' தரம் கேளுங்கள். பணியாளர் எதையும் திருப்பி வைக்காமலே உறையாமல் காப்பது அந்தத் தரம்தான்.

பொருத்தும் கட்டத்தில் நாங்கள் கற்றது திசை. தமிழ்நாட்டில் மொட்டை மாடிப் பேனல் தெற்கே பார்க்கும். மலாவி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே வடக்கே பார்க்க வேண்டும். கையேட்டின் படத்தைப் பார்த்து ஒரு நிலையத்தில் தெற்கே வைத்துவிட்டார்கள், கழற்றி மாட்டினோம். சாய்வு 10, 15 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் மழை தூசியைக் கழுவிவிடும்.

நிழல் இன்னும் பெரிய எதிரி. ஒரு நிலையத்தில் 30 நாள் வெப்பப் பதிவுக் கருவி அபாயக் குறி காட்டிக்கொண்டே இருந்தது. 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் போனால், அல்லது மைனஸ் 0.5 டிகிரியில் 60 நிமிடம் இருந்தால் அந்தக் குறி விழும். பெட்டியில் பழுது எதுவும் இல்லை. காலையில் மாமரத்தின் ஒரு கிளை நிழல் பேனலின் கீழ் ஓரத்தில், ஒரு கை அகலத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருப்பதால் அந்த ஒரு கை அகலமே மின்உற்பத்தியைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். மரம் ஊருக்குச் சொந்தம், காய்க்கிற மரம். வெட்டக் கேட்காமல் பேனலைக் கூரையிலிருந்து இறக்கித் தனிக் கம்பத்தில் ஏற்றினோம், குறி நின்றது. காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் எங்கே விழுகிறது என்று நேரில் நின்று பார்த்துவிட்டுத்தான் இடம் குறிக்க வேண்டும்.

பெட்டி ஓடத் தொடங்கிய உடனே தடுப்பூசியை அடுக்க விடாதீர்கள். சோலார் பெட்டி குளிர்ந்து நிலைப்படச் சில நாள் ஆகும். வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் நிலையாக நிற்பதைப் பதிவில் பார்த்த பிறகே அடுக்கச் சொல்லுங்கள்.

உறைபெட்டிப் பகுதி இல்லாத மாடலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். சைக்கிளில் கிராம முகாமுக்குப் போகும் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர் ஐஸ் பேக்குக்காக மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டியிருக்கும். ஐஸ் பேக்கைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே கேரியரில் வைக்கப் பயிற்சி கொடுங்கள். கெட்டியாக உறைந்த பேக் பக்கத்துக் குப்பியையும் உறைய வைத்துவிடும்.

கையளிப்புக் கடிதத்தில் உதிரிப்பாகம் யார் வாங்குவது, பேனலை யார் துடைப்பது, யாரை அழைப்பது என்று பதவிப் பெயரோடு எழுதுங்கள். வெப்பப் பதிவுக் கருவியின் பேட்டரியை மாற்ற முடியாது, இரண்டு மூன்று ஆண்டில் கருவியையே மாற்ற வேண்டும். மாற்றுக் கருவிக்கான பணத்தை முதல் பட்ஜெட்டிலேயே வைத்துவிடுங்கள்.