கலத்தில் தெரிவது ஒன்று, உள்ளே கிடப்பது இன்னொன்று

கமக்காரர் அமைப்பின் செயலாளரோ மாதர் சங்கப் பொருளாளரோ கணினியில் அட்டவணை போட்டுக் கணக்குப் பார்க்கும் எக்செல்லைப் பழக வந்தால், முதலில் கேட்பது "இதில கூட்டுறது எப்பிடி?" என்றுதான். கூட்டப் பழக ஐந்து நிமிடம் போதும். நாம் அடித்ததைக் கணினி என்னவாக விளங்கிக்கொண்டது என்று திரையைப் பார்த்துச் சொல்லப் பழகுவதுதான் முதல் பாடமாக இருக்கவேண்டும். அது தெரியாமல் போட்ட கூட்டுத்தொகையை நம்ப முடியாது.

பெரும்போக விதைப்புப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நிரையில் தலைப்புகள்: பெயர், அடையாள அட்டை, தொலைபேசி, ஏக்கர், விதைத்த திகதி. நிரல்களுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து, நிரைகளுக்கு 1, 2, 3. இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் கலம்; இரண்டையும் சேர்த்தால் அதன் முகவரி. ஏக்கர் நிரலின் முதல் ஆள் டி2. இந்த முகவரி இடப்பக்கம் மேலே உள்ள சின்னப் பெட்டியில் தெரியும். அந்தப் பெட்டிக்குள்ளேயே டி300 என்று அடித்து என்டர் தட்டினால் நேரே அங்கே போய்விடலாம்.

அதற்கு அருகே நீளமாகக் கிடப்பது ஃபோர்மியுலா பார். கலத்தில் தெரிவது அலங்காரம் செய்த முகம். உள்ளே உண்மையில் இருப்பதை இந்தப் பட்டைதான் காட்டும். எதிலாவது சந்தேகம் வந்தால் கலத்தைச் சொடுக்கிவிட்டு முதலில் கண் போகவேண்டிய இடம் இதுதான்.

அரை ஏக்கருக்கு 1/2 என்று அடித்துப் பாருங்கள். கலத்தில் ஒரு திகதி வந்து நிற்கும். 2025இல் அடித்திருந்தால், கணினியின் அமைப்பைப் பொறுத்து பட்டையில் பெப்ரவரி 1 அல்லது ஜனவரி 2 என்று இருக்கும். எக்செல்லுக்குத் திகதி என்பது 1900 ஜனவரி 1ஐ 1 ஆக வைத்து எண்ணிய நாள் கணக்கு. அதனால் 2025 பெப்ரவரி 1 உள்ளே 45689 ஆகக் கிடக்கும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் கூட்டுத்தொகையில் நாற்பத்தையாயிரம் ஏக்கருக்கு மேல் ஏற்றிவிடுவார். 0.5 என்று அடியுங்கள். அல்லது 0 அடித்து, ஓர் இடைவெளி விட்டு 1/2 போடுங்கள். "2 ஏக்கர்" என்று சொல்லோடு சேர்த்து அடித்தால் வேறு வில்லங்கம்: அது எழுத்தாகிவிடும், கூட்டும்போது சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். ஏக்கர் என்ற சொல் தலைப்பில் இருந்தால் போதும்.

இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். நீங்கள் மாற்றாதவரை எண்ணும் திகதியும் வலப்பக்கம் ஒதுங்கும், எழுத்து இடப்பக்கம் ஒதுங்கும். அடையாள அட்டை நிரலில் இது பளிச்சென்று தெரியும். பழைய அட்டை ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் என்பதால் இடப்பக்கம் நிற்கும். 2016 முதல் வரும் பன்னிரண்டு இலக்க அட்டை வலப்பக்கம் போய், 1.98ஈ+11 என்ற மாதிரிச் சுருங்கும். தொலைபேசி இலக்கமோ முன்னாலுள்ள பூச்சியத்தை இழந்துவிடும். அடிக்க முன்னரே இந்த இரண்டு நிரல்களையும் தெரிவுசெய்து, ஹோம் பகுதியில் "ஜெனரல்" என்றிருக்கும் பெட்டியை "ரெக்ஸ்ட்" ஆக்குங்கள். பிந்தி மாற்றினால் போன பூச்சியம் திரும்பாது. பிறகு கலத்தின் மூலையில் பச்சை முக்கோணம் வரும்; பயப்பட ஒன்றுமில்லை.

திகதியில்தான் பிழை மறைந்து கிடக்கும். விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால் 15/11/2024 எழுத்தாக இடப்பக்கம் நிற்கும், ஆனால் 05/11/2024 மே 11 ஆக மாறி, ஒழுங்கான திகதி போலவே வலப்பக்கம் நிற்கும். 2024-11-05 என்று ஆண்டை முதலில் வைத்து அடித்தால் எந்தக் கணினியிலும் குழப்பமில்லை. கலம் முழுக்க ##### வந்தால் அது பிழையல்ல, நிரல் ஒடுக்கம். தலைப்பெழுத்துகளுக்கு இடையிலுள்ள கோட்டில் இருமுறை சொடுக்குங்கள்.

இனிக் கீழே பாருங்கள். இடப்பக்க மூலையில் "ரெடி", "என்டர்", "எடிட்" என்று ஒரு சொல் மாறிக்கொண்டிருக்கும். நிரம்பிய கலத்தில் நேரே அடித்தால் பழையது முழுதாக அழியும். எஸ்கேப் தட்டினால் தப்பலாம். ஓர் எழுத்தை மட்டும் திருத்த எஃப்2. மேலே பொத்தான்கள் மங்கிக் கிடந்தால், பெரும்பாலும் கலத்துக்குள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், என்டர் தட்டுங்கள்.

ஏக்கர் நிரலைத் தெரிவுசெய்தால் கீழ்ப்பட்டையின் வலப்பக்கம் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் தானாக வரும். அங்கே வலச்சொடுக்கி "நியூமெரிக்கல் கவுண்ட்" என்பதையும் போட்டுவிடுங்கள். தலைப்பை விட்டு, ஆட்களின் கலங்களை மட்டும் தெரிவுசெய்யும்போது இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றாக இல்லையென்றால் எண் போலத் தெரியும் எழுத்து எங்கோ ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்தபின் =சம்(டி2:டி61) என்று, ஆங்கில எழுத்தில், அடியுங்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. கலத்தில் அழகான தமிழ். பட்டையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். உள்ளே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். அதனால் அகரவரிசை தாறுமாறாகும், யுனிகோடில் (தமிழைத் தமிழாகவே கணினியில் சேமிக்கும் பொது முறை) பெயரைத் தேடினால் அகப்படாது, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் பெயரே வாசிக்க முடியாது. புதுப் பட்டியலை யுனிகோடிலேயே தொடங்குங்கள். நிர்மலா எழுத்துரு விண்டோஸோடு வருகிறது. பழையதை யுனிகோட் மாற்றியில் போட்டு எடுத்தால், கொம்பு, கால் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும்.

பட்டியல் நீண்டால், பி2 கலத்தில் நின்று "வியூ" பகுதியில் "ஃப்ரீஸ் பேன்ஸ்" கொடுங்கள். தலைப்பும் பெயரும் நகராமல் நிற்கும்.