எங்கள் வகுப்பின் மூன்று தெரேசாக்கள்

இடாப்பில் "தெரேசா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து நிற்போம். எண்பதுகளின் தொடக்கம் அது. மற்ற ஆசிரியர்கள் எங்களுக்கு இலக்கம் வைத்திருந்தார்கள். மறைக்கல்வி படிப்பித்த சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. ஞானஸ்நானத்தில் வாங்கிய பெயருக்கு இலக்கம் போடக்கூடாது என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மூவரையும் முன்னுக்கு அழைத்து ஆளுக்கொரு தெரேசாவைப் பாதுகாவலியாகத் தந்தார்.

எனக்குக் கிடைத்தவர் ஸ்பெயின் நாட்டுப் புனிதரான அவிலா தெரேசம்மாள். நான் ஆசைப்பட்டதோ சிறுமலர் என்று அழைக்கப்படும், பிரான்சின் லிசியூ தெரேசாவை. ரோசாப்பூக்களை ஏந்தி நிற்கும் அவருடைய படம் என் ஜெபப் புத்தகத்துக்குள் ஏற்கெனவே இருந்தது. அவர் பக்கத்து வாங்குத் தெரேசாவுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் 4 என்றும் 15 என்றும் எழுதினார். "உன்னுடைய தெரேசம்மாள் 1582ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு கண் மூடினார். விடிந்தபோது திகதி 15. எப்படி என்று சொல் பார்ப்போம்."

வகுப்பில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பாப்பரசர் 13ஆம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது பத்து நாட்கள் நீக்கப்பட்டன என்பதையும், ஸ்பெயினில் அந்த மாற்றம் நடந்த அதே இரவில்தான் ஆல்பா தே தோர்மெஸ் மடத்தில் அவர் உயிர் பிரிந்தது என்பதையும் சிஸ்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருடைய திருவிழா ஒக்டோபர் 15இல் வருவது இதனால்தான். அந்தக் கணக்கு முடிந்தபோது என் அழுகையும் நின்றிருந்தது. அன்று முதல் நான் அவிலாவின் பிள்ளை.

சிஸ்டரிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒரு பெயருக்கு ஒரு பக்கம். யோவான், பிரான்சிஸ், அந்தோனி, கத்தரீன் என்று பக்கங்கள் நிறைந்திருக்கும். ஒரே பெயரில் இத்தனை பேர் இருப்பது குழப்பம் என்று நாங்கள் முறையிட்டால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஸ்பெயினில் வண்டியில் அலைந்து 17 மடங்களை நிறுவியவரும் தெரேசா. 15 வயதில் லிசியூவில் கார்மேல் துறவற சபையின் மடத்துக்குள் நுழைந்து, 24 வயதில் இறக்கும்வரை வெளியே வராதவரும் தெரேசா. வெளியே வராத அவரையே 1927இல் திருச்சபை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக்கியது. இந்த இடத்தைச் சொல்லும்போது சிஸ்டரின் குரல் உயரும்.

அன்னை தெரேசாவின் பெயர்க் கதையையும் அந்தக் கொப்பியிலிருந்துதான் அறிந்தோம். அப்போது அவர் உயிரோடு இருந்தார். துறவறத்தில் சிறுமலரின் பெயரை எடுக்க விரும்பினார். அதே பிரெஞ்சு எழுத்தில் அந்தப் பெயரோடு இன்னொரு சகோதரி அவருடைய சபையில் ஏற்கெனவே இருந்தார். ஆகவே ஸ்பானிய வழக்கின்படி எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டார். சிறுமலரைத் தேடிப் போனவர் எழுத்தளவில் என்னுடைய அவிலாவிடம் வந்து சேர்ந்துவிட்டார் என்பதில் எனக்கு அப்போது பெரிய பெருமை. இப்போதும் அது குறையவில்லை.

மூன்றாவது தெரேசா அதிகம் பேசாதவள். அவளுக்கு சிஸ்டர் தந்தது நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர்: சிலுவையின் தெரேசா பெனெதிக்தா. எடித் ஸ்டைன் என்ற யூதப் பெண். மெய்யியல் அறிஞர். 1921இல் ஒரு நண்பரின் வீட்டில் அவிலா தெரேசம்மாளின் தன்வரலாற்றை எடுத்து வாசித்தவர், அடுத்த ஆண்டின் முதல் நாளில் ஞானஸ்நானம் பெற்றார். 1933இல் கொலோன் கார்மேலில் சேர்ந்து, தன்னை மனம் திருப்பியவரின் பெயரையே வாங்கிக்கொண்டார். அவிலா தெரேசம்மாளின் பாட்டனாரும் யூத சமயத்திலிருந்து வந்தவர் என்பதை நான் பிற்காலத்தில் படித்தறிந்தேன். எடித் ஸ்டைன் 1942 ஓகஸ்ட் 9ஆம் திகதி ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அதைச் சொல்லிவிட்டு சிஸ்டர் கொப்பியை மூடினார். அன்று மணி அடிக்கும்வரை வேறு பாடம் நடக்கவில்லை.

ஆனால் எடித் ஸ்டைன் அப்போது புனிதரும் இல்லை, அதற்கு முந்திய படியான முத்திப்பேறு பெற்றவரும் இல்லை. இடைவேளையில் சில பிள்ளைகள், "உனக்குக் கிடைத்தவருக்குத் திருவிழாவே கிடையாதே" என்று அவளிடம் சொன்னார்கள். நானும் அங்கே நின்றேன். அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

பிறகு நாங்கள் மூவரும் மூன்று நாடுகளில் சிதறினோம். 1987இல் எடித் ஸ்டைன் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 1998 ஒக்டோபர் 11ஆம் திகதி என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பல ஆண்டுகளாகக் கேட்காத குரல். "என்னுடைய தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்" என்றாள். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் தொடர்பு விடவில்லை. சிலியின் முதல் புனிதரான, 19 வயதில் இறந்த அந்தீஸ் தெரேசாவுக்கு 1993இலேயே பட்டம் கிடைத்திருந்தது. அன்னை தெரேசாவுக்கு 2016இல், கேரளத்தின் மரியம் தெரேசாவுக்கு 2019இல். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அழைப்பு. திருச்சபை தன் பெரும் போதகர்களாக ஏற்ற மறைவல்லுநர்களில் பெண்கள் நால்வரே. அவர்களில் இருவர் தெரேசாக்கள் என்பதை மூவரும் எத்தனை முறை சொல்லி மகிழ்ந்திருப்போம்! 2024 டிசம்பரில், பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட கொம்பியேன் கார்மேல் சகோதரிகள் 16 பேரும் புனிதர்களானார்கள். மற்ற எல்லாரையும் தைரியப்படுத்தி அனுப்பிவிட்டுக் கடைசியாகக் கொலைமேடைப் படி ஏறிய அவர்களின் தலைவி, புனித அகுஸ்தீனின் தெரேசா. அன்றிரவு மூவரும் ஒரே அழைப்பில் செபமாலை சொன்னோம்.

சிஸ்டர் இப்போது இல்லை. அவருடைய கொப்பி யாரிடம் போனது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. இம்மலரை வாசிக்கும் யாரிடமாவது அது இருந்தால், தெரேசா பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கடைசிப் பெயருக்குக் கீழே அவர் எத்தனை வரிகளை வெறுமையாக விட்டிருந்தார் என்பதில் எங்கள் மூவருக்கும் மூன்று நினைவு.