ஆடிக்கொண்டிருந்த கமோடைக் கழற்றி மீண்டும் பொருத்திய அனுபவம்

எங்கள் குளியலறையில் முதலில் நாற்றம்தான் வந்தது. ஈரம் பிறகுதான் தெரிந்தது. காலையில் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டையின் வாடை மெல்ல எழும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சற்று நேரம் அடங்கிவிட்டு மறுபடி வரும். கழுவும் திரவத்தை மாற்றினோம், தரை வடிகாலின் சல்லடையைக் கழற்றித் தேய்த்தோம், பயனில்லை. சில வாரங்கள் சென்றபின், கமோடின் அடிப்பகுதியை ஒட்டிய டைல்ஸ் இணைப்புக் கோடுகள் கறுத்து நனைந்திருப்பதைப் பார்த்தபோதுதான், நாற்றமும் ஈரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சந்தேகம் பிறந்தது.

அப்போது எனக்குத் தோன்றிய வைத்தியம் எளிதானது. சிலிகான் வாங்கி வந்து அடிவிளிம்பைச் சுற்றிப் பூசினேன். பத்து நாள் தாங்கியது. பிறகு வலப்புற விளிம்பில் மயிரிழை போலப் பிரிந்து, இரண்டு தொல்லைகளும் திரும்பி வந்தன. பிரிந்த இடத்தின் மேலேயே இன்னும் தடிமனாகப் பூசினேன். காய்ந்து இறுகிய பழைய சிலிகானின் மேல் புதிய சிலிகான் சரியாகப் பிடிக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பல ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்துவரும் உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். எந்தச் சிலிகான், எப்படிப் பூசினாய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “உட்காரும்போது ஆடுதா தம்பி?” என்று மட்டும் கேட்டார். லேசாக ஆடும் என்றேன். “அப்ப கழட்டித்தான் ஆகணும். மேலே எதைப் பூசினாலும் நிக்காது” என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தைப் புரிந்துகொள்ளக் கமோடு எப்படி அடைபட்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கோப்பையின் வளைந்த கழுத்தில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எப்போதும் நிற்கும் தண்ணீர், கழிவுக்குழாயில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் கோப்பை வழியே மேலே வராமல் தடுக்கிறது. ஆனால் அந்தக் காவல் கோப்பையின் வழிக்கு மட்டுமே. வளைவைத் தாண்டிக் கழிவு இறங்கும் பீங்கான் வாய்க்கும் தரையிலுள்ள குழாய்க்கும் இடையிலான இணைப்பில் இடைவெளி விழுந்துவிட்டால், வாயு அந்தத் தண்ணீரைத் தொடாமலே கமோடின் அடியில் பரவி, விளிம்பின் ஏதோ ஒரு சந்து வழியே வெளியேறும். ஒவ்வொரு ஃபிளஷுக்கும் சிறிதளவு கழிவுநீரும் அதே வழியில் கசியும். இந்த இணைப்பை அடைப்பது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் மெழுகு வளையம். மெழுகு ஒருமுறை அமுங்கினால் அமுங்கியதுதான். ரப்பரைப் போல எழும்பி வந்து இடைவெளியை நிரப்பாது. ஆகவே கமோடு ஒவ்வொரு முறை ஆடும்போதும் மெழுகு சற்று விலகுகிறது, விலகியது அப்படியே நின்றுவிடுகிறது. இது தெரிந்தபின், நான் இரண்டு முறை பூசிய சிலிகான், கசிவை அடைப்பதற்குப் பதிலாகக் கழிவுநீரைக் கமோடுக்கு அடியில் தேக்கி வைத்திருந்தது என்று எண்ணவே கூச்சமாக இருந்தது.

கழற்றும் வேலையை விடுமுறை நாளொன்றின் காலையில் தொடங்கினேன். ஆங்கிள் வால்வை மூடி, ஃபிளஷ் செய்து, டேங்கிலும் கோப்பையிலும் எஞ்சிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். கோப்பைக்குள் தண்ணீர் மிச்சமிருந்தால் சாய்த்துத் தூக்கும்போது அது நம் காலில்தான் கொட்டும். கையுறை கட்டாயம் வேண்டும். அடியிலிருந்த இரண்டு நட்டுகளில் ஒன்று சுலபமாகக் கழன்றது. மற்றது துருவேறி, போல்ட்டோடு சேர்ந்தே சுற்றியது. அதை ஹாக்சா பிளேடால் அறுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை பின்னால் காத்திருந்தது. முன்பு பொருத்தியவர் பின்புற விளிம்பை வெள்ளை சிமென்ட்டால் நிரப்பியிருந்தார். சிமென்ட் பீங்கானோடும் தரையோடும் ஒன்றாக இறுகிவிடுவதால், பின்னாளில் கழற்றுகிறவன் கோப்பையையோ டைல்ஸையோ உடைக்காமல் கழற்றுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சிற்றுளியால் துளித்துளியாகக் கொத்தி எடுத்தேன். அடிவிளிம்பில் ஒரு சிறு சில்லு பெயர்ந்தது. அது சுவர்ப் பக்கமாக இருந்ததால் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

டேங்கைத் தனியே கழற்றியும் கோப்பை நல்ல கனம். மைத்துனரும் நானுமாக நேராகத் தூக்கிப் பழைய துணி விரிப்பின் மேல் சாய்த்து வைத்தோம். உடனே குழாய் வாயில் பழந்துணிப் பந்து ஒன்றைத் திணித்து, அதை ஒரு கயிற்றில் கட்டி, மறுமுனையை வெளியே விட்டேன். துணி வாயுவை நிறுத்தும், கழன்று விழும் போல்ட்டையும் தடுக்கும். கயிறு அந்தத் துணியே உள்ளே போகாமல் காக்கும்.

பழைய மெழுகு வளையத்தைப் பார்த்தபோது நோய் எது என்று விளங்கிவிட்டது. ஒரு பாதி நன்றாக நசுங்கித் தட்டையாகியிருந்தது. எதிர்ப் பாதியோ கடையிலிருந்து வந்தபோது இருந்த உருண்டை வடிவம் குலையாமல் இருந்தது. அந்தப் பக்கம் கமோடின் வாய் மெழுகை ஒருபோதும் அழுத்தியதே இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. ஒன்று, தண்ணீர் வடிவதற்காகத் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, அதற்கு ஈடுகட்ட அடியில் எதுவும் வைக்கப்படவில்லை. மற்றது, பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டப்பட்டிருந்ததால், போல்ட்டுகளைத் தாங்கும் ஃபிளாஞ்ச் என்ற வளையத் தட்டு தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் போய்விட்டிருந்தது. ஃபிளாஞ்ச் முடிவுற்ற தரையின் மேல் அமர்ந்து, அதன் மேற்பரப்பு தரையைவிட ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். எங்களுடையது அளவுகோலில் 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மெழுகு வளையம் வைத்து இந்தப் பள்ளத்தைச் சமாளிப்பவர்கள் உண்டு. மெழுகின் மேல் மெழுகு வழுக்கும், அமுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்கிக் குழாய்க்குள் வழியும் என்பதால் அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபிளாஞ்சை உயர்த்துவதற்கென்றே விற்கப்படும் பிளாஸ்டிக் வளையங்களை வாங்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் சிலிகான் பூசி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் இறுக்கினேன். அதற்கு முன் பழைய மெழுகைப் புட்டி பிளேடால் முழுவதும் சுரண்டி எடுத்தேன். இவ்வளவு அருவருப்பான வேலையை நான் வேறெதிலும் செய்ததில்லை; ஆனாலும் பழைய மெழுகு பொட்டளவு மிச்சமிருந்தாலும் புதியது சீராக அமராது.

அடுத்ததாக, மெழுகு வைக்காமல் வெறும் கோப்பையை மட்டும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். பலரும் தாண்டிவிடும் இந்த ஒத்திகைதான் முழு வேலையிலும் எனக்குக் கைகொடுத்தது. கோப்பையின் விளிம்பில் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்து, உள்ளங்கைகளால் நான்கு மூலைகளிலும் அழுத்தி எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடித்து, அங்கெல்லாம் பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருகினேன். மரச்சில்லு வேண்டாம், ஈரத்தில் ஊறி உப்பிப் பிறகு இற்றுப்போகும். மூன்று ஆப்புகளில் ஆட்டம் முற்றிலும் நின்றது. அவற்றின் இடத்தையும் கோப்பையின் வெளிவிளிம்பையும் பென்சிலால் தரையில் வரைந்துகொண்டு, கோப்பையை மறுபடி தூக்கினோம். ஆப்புகளை மெழுகு வைத்தபின் செருகலாமே என்று தோன்றலாம். அப்போது செருகினால் கோப்பை எழும்பும், எழும்பினால் அமுங்கிய மெழுகு விட்டுப்போகும்.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிவது ஒரு வளையத்தை வீணாக்கிய பிறகுதான். முதல் முயற்சியில் துணிப் பந்தை வெளியே எடுத்துவிட்டு, புதிய வளையத்தை ஃபிளாஞ்சின் மேல் வைத்து, கோப்பையை இறக்கினோம். ஒரு போல்ட் துளைக்குள் வரவில்லை. சரிபார்க்கலாம் என்று மைத்துனர் தன் பக்கத்தை இரண்டு விரற்கடை தூக்கினார். அவ்வளவுதான், அந்த மெழுகு போயிற்று. தொட்டு அமுங்கியபின் தூக்கிவிட்டால் புதிய வளையம் வேண்டும். இதில் சமரசம் இல்லை. நல்லவேளையாகக் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை, போல்ட்டுகள் சாயாமல் நிற்க அவற்றை ஃபிளாஞ்சோடு ஒரு வாஷரும் நட்டும் போட்டு முதலிலேயே இறுக்கினேன். இருவரும் குனிந்து, ஆளுக்கொரு துளையைப் பார்த்தபடி, பென்சில் கோட்டின் மேல் நேர்செங்குத்தாக இறக்கினோம். பிறகு கோப்பையின் மேல் அமர்ந்து, உடல் கனத்தால் மெதுவாக அழுத்தினேன். விளிம்பு ஆப்புகளில் போய் அமர்வதை உணர முடிந்தது. மெழுகை அமுக்க வேண்டியது உடல் கனம். போல்ட்டை முறுக்கியே கோப்பையைக் கீழே இழுக்கப் பார்த்தால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, ஸ்பேனரால் இப்பக்கம் அரைச்சுற்று, அப்பக்கம் அரைச்சுற்று என்று மாறிமாறி இறுக்கி, கோப்பை அசையாத நிலை வந்ததும் நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று கை பரபரத்தது. அங்கேதான் பலருடைய கமோடு உடைந்திருக்கும் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

டேங்கையும் இணைப்புக் குழாயையும் மாட்டியதில் சொல்ல ஒன்றுமில்லை. வாஷர்களைப் புதிதாகப் போட்டேன், அவ்வளவே.

சிலிகானை உடனே பூசவில்லை. அடிவிளிம்பைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தைப் பரப்பி, கோப்பைத் தண்ணீரில் உணவு வண்ணம் கலந்து, பத்துப் பன்னிரண்டு முறை ஃபிளஷ் செய்தேன். ஓரிடத்தில் காகிதம் நனைந்தது. நெஞ்சு திக்கென்றது, ஆனால் ஈரத்தில் வண்ணம் இல்லை. டேங்கின் வெளிப்புறத்தில் வியர்த்திருந்த நீர்த்துளிதான் வழிந்து வந்திருந்தது. மூன்று நாள் அப்படியே பயன்படுத்தினோம். காகிதம் காய்ந்தே இருந்தது, நாற்றமும் இல்லை. அதன்பிறகே வெளியே நீட்டியிருந்த ஆப்பு முனைகளை அறுத்துவிட்டு, விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, இருபுறமும் மறைப்பு நாடா ஒட்டி, பூஞ்சை பிடிக்காத வகைச் சிலிகானைப் பூசினேன். சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்து, மேல்தோல் கட்டுவதற்குள் நாடாவை உரித்தேன். வினிகர் வாடை அடங்க ஒரு நாள் ஆனது. அந்த 24 மணி நேரமும் குளியலறையைப் பூட்டி வைத்தோம்.

முழுச் சுற்றும் பூச வேண்டுமா என்பதில் வேலை தெரிந்தவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. சுற்றிலும் அடைத்தால் கழுவும் தண்ணீரும் அழுக்கும் அடியில் புகாது என்பது ஒரு கட்சி. சில ஊர்களின் கட்டட விதிகளும் அடைக்கத்தான் சொல்கின்றன. பின்புறம் சிறிது இடம் விட்டால், உள்ளே கசிந்தாலும் வெளியே தெரிந்துவிடும் என்பது மற்றொரு கட்சி. கசிவை உள்ளேயே மூடி வைத்திருந்த அனுபவம் எனக்கு இருப்பதால் இரண்டாம் கட்சியில் சேர்ந்தேன். சுவரை ஒட்டிய பக்கத்தில், சில்லு பெயர்ந்த அந்த இடத்திலேயே, இரண்டு விரல் அகலம் பூசாமல் விட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை குளியலறையைக் கழுவுமுன் டிஷ்யூ காகிதத்தை மடித்து அதற்குள் நுழைத்துப் பார்க்கிறேன். ஏழு மாதமாகிறது, காகிதம் காய்ந்தே திரும்பி வருகிறது.