ரேச்சல் அலெக்சாண்ட்ராவின் மே மாதம்

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தைப் பலருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை, அதே சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில், மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்கென்றே நடக்கும் கென்டக்கி ஓக்ஸைப் பற்றி நம்மில் பேசுபவர்கள் ரொம்பக் குறைவு. இரண்டுமே 1875-இல் தொடங்கியவை. ஓக்ஸ் அன்று கூட்டம் முழுக்க இளஞ்சிவப்பு உடை, வென்ற குதிரைக்கு லில்லி மாலை. புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் பந்தயத் தடத்தில் நடந்து வரும் ஊர்வலமும் உண்டு. அதைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

2009 ஓக்ஸ் காணொளியை அவசியம் பாருங்கள். கடைசி நேர்ப்பாதையில் ரேச்சல் அலெக்சாண்ட்ரா என்ற குதிரை மற்றவற்றை விட்டுத் தனியாக முன்னே போய்விடுகிறாள். வித்தியாசம் 20¼ குதிரை நீளம்! என்ன ஓட்டம் அது!

அப்புறம் நடந்தது இன்னும் பெரிது. மறுநாள் அவளுடைய ஜாக்கி கால்வின் போரெல், மைன் தட் பேர்ட் என்ற குதிரை மீது ஏறி டெர்பியை வென்றார். இரண்டு வாரம் கழித்து ப்ரீக்னஸ் என்ற இன்னொரு பெரிய பந்தயம். டெர்பி வென்ற குதிரையை விட்டுவிட்டு அவர் ரேச்சலைத்தான் தேர்ந்தெடுத்தார். அவள் ஜெயித்தாள், 1924-க்குப் பிறகு ப்ரீக்னஸை வென்ற முதல் பெண் குதிரையாக. இரண்டாவதாக வந்தது மைன் தட் பேர்ட்.